யாரும் சாகாத வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு

மஸ்தூராவைச் சோம்பேறி என்று சொல்லுகிற யாரும் என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வேண்டாம். போன வருஷமே இதைச் சொல்லிவிட்டேன். அதனால் இரண்டு கல்யாண உடுப்புகள் கை நழுவிப் போயின. போகட்டும், எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை.

நான் சலோமத். குவா ஊரில், வாய்க்கால் ஓரத்து மஹல்லாவில், அதாவது எங்கள் பேட்டையில், ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். ஜன்னலுக்கு நேர் எதிரே பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு இரட்டைக் கதவு இரும்புக் கேட். அந்த வீட்டு மருமகள்தான் மஸ்தூரா. அவள் கல்யாணமாகி வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பதினாறு வருஷத்தில் அவள் நடந்து பார்த்திருக்கிறேன், ஓடிப் பார்த்திருக்கிறேன், குனிந்து பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்ததில்லை.

விடிவதற்கு முன்னால் அவள் துடைப்பச் சத்தம் கேட்கும். முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, அப்புறம் கேட்டைத் திறந்து தெருவையும் பெருக்க வேண்டும். ஏழு மணிக்கு வாசலில் புழுதி கிடந்தால் எட்டு மணிக்குள் அந்த மருமகளின் தாய் வீட்டுக்குச் செய்தி போய்விடும், எங்கள் ஊர் அப்படி. பிறகு மாடு. பிறகு தந்தூர் அடுப்பில் ரொட்டி. பிறகு மாமியாருக்குத் தேநீர்.

இந்தத் தேநீர் விஷயத்தைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். பெரியவர்களுக்குக் கிண்ணம் நிறைய ஊற்றக் கூடாது. அரைக் கிண்ணம், அதற்கும் குறைவாக ஊற்றினால்தான் மரியாதை. நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். ஆக மாமியார் பிபிசோரா பெரியம்மா மரக்கட்டிலில் சாய்ந்தபடி ஒரு வாய் குடிப்பார். மஸ்தூரா நெஞ்சில் கை வைத்துக் குனிந்து இன்னொரு வாய் ஊற்றுவாள். ஒரு கெட்டில் காலியாக முக்கால் மணி நேரம். மரியாதை யாருக்கோ, முதுகுவலி மட்டும் இவளுக்கு.

பத்து மணிக்குப் பாலர் பள்ளிச் சமையலறை வேலை. மூன்று மணிக்குத் திரும்பினால் துணி, பிள்ளைகள், ராச்சாப்பாடு, விருந்தாளி. மஹல்லாவில் எந்தக் கல்யாணம் வந்தாலும் முந்தின நாள் புலாவுக்கு மூட்டை மூட்டையாகக் கேரட் நறுக்கப் போக வேண்டும். போகாவிட்டால் நாளைக்கு உன் வீட்டுக் காரியத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பார்கள்.

போன வருஷம் வசந்த காலத்தில் அவள் பாலில் உப்பைப் போட்டாள். அதற்கு அடுத்த வாரம் சின்ன மகளைக் கூப்பிட வாயைத் திறந்தவளுக்குப் பெயர் வரவில்லை. பெற்ற பிள்ளையின் பெயர்! தந்தூர் அருகே நின்று அழுதாள். கேட்டவர்களிடம் புகை என்றாள். ரொட்டி போட்டு முடித்து, அடுப்பு அணைந்து, ஒரு மணி நேரம் கழித்தும் அந்தப் புகை அவள் கண்ணை விடவில்லை.

மகளுக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, என் தலைக்குள்ள எந்நேரமும் யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. திறந்து பாத்தா ஆளில்ல. மறுபடியும் தட்டுறாங்க."

"டாக்டர்கிட்ட போடீ."

"என்னன்னு சொல்லிப் போறது? காய்ச்சலா, தலைவலியா?"

"தட்டுறாங்கன்னு சொல்லு."

போனாள். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. ரத்தம் பார்த்தாள், இதயம் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. "ஒரு நாள்ல உங்களுக்குன்னு எவ்வளவு நேரம் உக்காருறீங்க?" என்று கேட்டாளாம். மஸ்தூராவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எதுக்கு உக்காரணும்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா பேனாவை எடுத்து மருந்துச்சீட்டில் எழுதினாள்: தினமும் ஒரு மணி நேரம், தனியாக, எந்த வேலையும் செய்யாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்திக் கொடுத்தாள். முத்திரை இருந்தால்தான் எங்கள் ஆட்கள் எதையும் நம்புவார்கள் என்பது பாவம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மஸ்தூராவின் புருஷன் எர்காஷுக்குப் பஜாரில் செருப்புக் கடை. சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தானாம்.

"மருந்து எங்க எழுதியிருக்கு?"

"அதுதாங்க மருந்து."

"என்ன விளையாடுறியா? ஊசி எழுதச் சொல்லு, போட்டுக்கலாம். வெளிநாட்டு மாத்திரையா இருந்தாக்கூட வாங்கித் தரேன். நான் கஞ்சனா?"

மாமியார் கட்டிலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "உக்காந்தா நோய் போகும்னு எந்த ஊர்ல கேட்டோம்? உக்காந்தாத்தான் நோய் வரும். ஓதின தண்ணி வாங்கிக் குடு."

கஞ்சன் இல்லை, அது உண்மைதான். ஓதின தண்ணீர் வந்தது. அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். ஆட்டுக்கால் சூப் வைக்கச் சொன்னார்கள், அதையும் அவளே வைத்தாள். அந்த வீடு அவளுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தது, ஒரு மணி நேரத்தைத் தவிர.

இதே எர்காஷ் ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஒன்பதுக்குத் தேநீர் விடுதிக்குப் போவான். பள்ளிக்கூட நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து புலாவ் சமைத்து, சாப்பிட்டு, சாய்ந்து படுத்து, மூன்று மணிக்கு வீடு திரும்புவார்கள். ஆறு மணி நேரம். பதினைந்து வருஷமாக ஒரு வியாழன் தவறியதில்லை. அதற்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? எந்த முத்திரை இருக்கிறது? கேட்டால் 'ஆம்பிளைங்க மனசு கொஞ்சம் இளைப்பாற வேணாமா' என்பார்கள். இவளுக்கு மட்டும் மனசு இருக்க வேண்டிய இடத்தில் துடைப்பமா இருக்கிறது?

மஸ்தூரா சண்டைக்காரி இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தானே அந்த ஒரு மணி நேரத்தைத் தேடிப் பார்த்தாள். முதலில் அறைக்குள் உட்கார்ந்தாள். பதினான்கு தடவை கூப்பிட்டார்கள். ஒன்று, தீப்பெட்டி எங்கே என்று. தீப்பெட்டி கூப்பிட்டவர் தலையணைக்கு அருகில் இருந்தது. அப்புறம் மாட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்தாள். சாணி நாற்றத்தோடு திரும்பினால் விருந்தாளி முன்னால் மானம் போகிறது என்று மாமியார் கத்தினார். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டால் பத்து நிமிஷத்தில் கதவைத் தட்டி, "விழுந்துகிழுந்து தொலைஞ்சியா?" என்று கேட்டார். தலைக்குள் தட்டுவது போதாதென்று வெளியேயும் தட்டல்.

வாசல்தான் மிச்சம். ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் இருவரும் அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்தார்கள், எர்காஷ் புலாவுக்குக் கறி எடுக்கச் சீக்கிரமே கிளம்பிவிட்டான். பாலர் பள்ளிக்கு விடுமுறை. எட்டரை மணிக்கு மஸ்தூரா முற்றத்து நீள பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது வெளியே வர இரண்டு கதவையும் விரியத் திறக்க வேண்டியிருந்தது. திறந்ததை மூடவில்லை. ஏன் தெரியுமா? மாமியார் கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்றுதான். ஓய்வெடுக்கப் போகிறவள் காதை மட்டும் வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மதில் நிழலில் பெஞ்சைப் போட்டு, வெயிலுக்கு முக்காட்டை நெற்றி வரை இழுத்து, மடியில் கை கோத்து உட்கார்ந்தாள். உடம்பில் பழைய நீல உடுப்பு. ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அந்தக் காட்சியைப் பார்த்து ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். காலையில் இரண்டு கதவும் விரியத் திறந்த வாசல், துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் போடுவதுபோல் வெளியே பெஞ்சு, துக்கத்துக்கு உடுத்துகிற நீல உடுப்பில் தலை குனிந்த பெண். எழவு.

முதலில் பார்த்தவள் ஹோஜர். ஏழு வீடு தள்ளி இருப்பவள். அழுகையில் எங்கள் மஹல்லாவிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. தெருமுனையிலிருந்து பார்த்தவள் கிட்டே வந்து கேட்கவில்லை. இழவு வீட்டு வாசலில் நின்று 'யார்' என்று கேட்பது எங்களுக்குப் பெரிய அநாகரிகம். எண்பதைத் தொடுகிற கிழவி அந்த வீட்டில் ஒருத்திதானே என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகச் சொல்லிவிட்டாள்.

என் பின்வாசல் வழியாகவும் வந்தாள். "சலோமத், மெஷினை நிறுத்து. பிபிசோரா பெரியம்மா போயிட்டாங்க!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட் திறந்திருந்தது, பெஞ்சு கிடந்தது, மஸ்தூரா உட்கார்ந்திருந்தாள். நம்பிவிட்டேன். அவள் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருந்துச்சீட்டைக் கையில் வாங்கிப் படித்தவள் நான். பதினாறு வருஷம் எதிரே இருந்து பார்த்தவள் நான். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இழவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டு போவோம். அரை மணி நேரத்தில் அரிசி சூப் வைத்து இறக்கி, துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன். கேட்டருகே நாலைந்து ஆண்கள் துக்க வழக்கப்படி தலையில் குல்லா வைத்து, இடுப்பில் துண்டு கட்டி, மஸ்தூராவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தலை குனிந்து நின்றிருந்தார்கள். அவள் தூக்கம் கலையவில்லை. துக்கத்தில் உறைந்துவிட்டாள் என்று அவர்கள் தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள்.

முற்றத்தில் பிபிசோரா பெரியம்மா திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்து, வாதுமைப் பழக் கொட்டைகளை உடைத்துப் பருப்பைத் தின்றுகொண்டிருந்தார். ஹோஜர் முக்காட்டால் முகத்தை மூடி, வழக்கப்படி ஓலமிட்டுக்கொண்டே உள்ளே பாய்ந்து, முதலில் கைக்கு அகப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொண்டாள். அகப்பட்டது பெரியம்மாதான். ஓலத்தைக் கேட்டதும் பெரியம்மாவும் கொட்டையைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். அழுகிறவளோடு அழுதுவிட்டுத்தானே விசாரிக்க வேண்டும்?

"ஐயோ, தங்கமான மனுஷி போயிட்டாளே!" என்றாள் ஹோஜர்.

"போயிட்டாளே!" என்று பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருடி போனது?" என்று கேட்டார்.

"பிபிசோரா பெரியம்மா!"

"எந்த பிபிசோரா?"

ஹோஜர் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில்தான் வெளியே மஸ்தூரா விழித்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து எர்காஷ் வந்தான். தேநீர் விடுதியிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறான். கையில் இன்னும் கறி வெட்டின கத்தி. "என்னைப் பெத்தவளே! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே!" என்று முற்றத்தில் முழங்காலிட்டு விழுந்தான். பெற்றவள் எழுந்து வந்து அவன் குல்லாவைத் தட்டினார்.

"எந்திரிடா. கத்தியைக் கீழ போடு."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. எனக்குத் தொண்டை வரை வந்தது, சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கிவிட்டேன். பெரியம்மா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு பெண்கள், கையில் பதினோரு மூடிய பாத்திரங்கள்.

"யாரு வேலை இது? உசிரோட இருக்கிறவளுக்கு எழவுச் சோறு கொண்டுவர வெச்சது யாரு?"

எல்லாக் கண்களும் கேட்டருகே நின்ற மஸ்தூராவின் மேல் போயின. அரைத் தூக்கத்தில், பெஞ்சின் ஓரக் கோடு கன்னத்தில் பதிந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் நின்றாள்.

மஹல்லா தலைவர் ஸோகிர் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்துவிட்டார். "கேட்டை ஏம்மா விரியத் திறந்தே? பெஞ்சை எதுக்கு வெளிய போட்டே?"

"உக்கார."

"எதுக்கு உக்கார?"

"சும்மா."

"சும்மான்னா?"

இந்தக் கேள்வியை அவர் நாலு தடவை கேட்டார். சும்மா உட்கார்வது என்று ஒன்று உண்டு என்பதை அந்த மனுஷனின் மண்டைக்குள் ஏற்ற முடியவில்லை. நாளெல்லாம் மஹல்லா அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர் அவர்! மஸ்தூரா சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அவர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஓய்வா? உன்னை யாரு ஓய்வெடுக்க வேணாம்னா? ராத்திரி தூங்குறியே, அது போதாதா?"

"ஊரே சிரிக்குது," என்று எர்காஷ் கத்தினான். "எங்கம்மாவை உசிரோட சாகடிச்சுட்டா! அந்த டாக்டர் கிட்ட இனிமே போ, காலை உடைக்கிறேன். நீங்கள்லாம் பாத்திரத்தை எடுத்துட்டுப் போங்கம்மா. இந்த வீட்டுல அடுப்பு எரியும். மஸ்தூரா, வந்தவங்களுக்குத் தேநீர் போடு."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் போயிருப்பாள். கால் ஒரு அடி நகர்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் நின்றுவிட்டது.

"ஹோஜர் அக்கா," என்று கூப்பிட்டாள். குரல் தழுதழுக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். நான் செத்தா எங்க வீட்டுக்கு எத்தனை நாள் சமைச்சுக் கொண்டு வருவீங்க?"

"வாயைக் கழுவுடி. என்ன பேச்சு இது?"

"எத்தனை நாள் அக்கா?"

"மூணு நாள். வேற எத்தனை?"

"தெருவைப் பெருக்குவீங்களா?"

"பெருக்குவோம்."

"மாடு?"

"அதையும் பாப்போம். ஏன்டி உசிரை வாங்குறே?"

"அந்த மூணு நாளை இப்பவே குடுத்துடுங்க. பாத்திரத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போகாதீங்க. நான் செத்தப்புறம் ஒருத்தரும் ஒரு கிண்ணம்கூடக் கொண்டுவர வேணாம். பெஞ்சும் போட வேணாம். செத்தவளுக்கு எதுக்கு ஓய்வு? எனக்கு இப்ப வேணும்."

அவ்வளவுதான் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினோரு பெண்கள் நின்றிருந்தோமே, அத்தனை பேரும் கேட்ட அரை மணியில் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தோம். ஒருத்திக்கும் நேரமில்லாமல் போகவில்லை. உயிரோடு இருந்த அவளுக்காக இந்தப் பதினாறு வருஷத்தில் நான் ஒரு நாள் அந்தத் தெருவைப் பெருக்கினேனா? கோபம் எர்காஷ் மேல் பாதி, என் மேல் பாதி. கிண்ணத்தை டக்கென்று பெரியம்மாவின் கட்டிலில் வைத்தேன்.

"சலோமத், எடு அதை," என்றான் எர்காஷ்.

"மாட்டேன். நீ வியாழக்கிழமை திங்கிற புலாவை யாராவது திருப்பி எடுக்கச் சொன்னாங்களா? வாயை மூடிக்கிட்டு நில்லு."

ஹோஜர் தன் பாத்திரத்தை என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். எர்காஷ் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாப் பாத்திரமும் தெருவுக்குப் போய்விடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் மாமியார் செத்தப்போ நானும் மூணு நாள் உக்காந்தேன்," என்றார். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழிச்சு. அழுதேன் பாரு, மஹல்லாவே மெச்சுச்சு. இப்படி ஒரு மருமக உண்டான்னாங்க." கொட்டைத் தோலை விரலால் தள்ளினார். "அவளுக்காகவா அழுதேன்? காலை நீட்டி உக்காந்த சுகத்துல அழுகை வந்துச்சு."

எர்காஷ் கத்தியைக் குனிந்து எடுத்துக்கொண்டான், என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்தான்.

இதைச் சொன்னவர் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று நினைக்காதீர்கள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. "மூணு நாள்தான். நாலாம் நாள் ரொட்டி போடணும்," என்றார். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் பட்டதை மறக்காமல் வைத்திருந்து, அதையே எடுத்து இன்னொருத்தி தலையில் கட்டிய மனுஷி அவர். தெரிந்தே செய்திருக்கிறார், அதை எப்படி மன்னிப்பது?

முதல் நாள் மஸ்தூரா தூங்கினாள். இரண்டாம் நாள் காரணமில்லாமல் அழுதாள், யாரிடமும் புகை என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். போகும்போது சின்ன மகளின் பெயரைச் சொல்லி, சட்டையில் ஒரு பை வைக்கச் சொன்னாள்.

மஹல்லா கூட்டம் நடந்தது. ஸோகிர் தலைமையில் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சாவில்லாத வீட்டில் வாசலில் பெஞ்சு போட்டால் கேட்டின் ஒரு கதவையாவது மூடி வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவள் ஏன் வாசலுக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது என்று ஒரு ஆண்பிள்ளைக்கும் கேட்கத் தோன்றவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் விடுதிக்குப் போய்விட்டார்கள்.

நாலாம் நாள் மஸ்தூரா தெருவைப் பெருக்கினாள், மாட்டைக் கறந்தாள், ரொட்டி போட்டாள். மாமியாருக்குக் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றி வைத்தாள். எட்டரை மணிக்குப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தீர்மானப்படி ஒரு கதவை மூடினாள். உள்ளேயிருந்து இரண்டு தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. அவள் அசையவில்லை.

பக்கத்து மஹல்லாவிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் பெஞ்சைப் பார்த்துவிட்டு இறங்கினார். குல்லாவைச் சரி செய்துகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, இந்த வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

மஸ்தூரா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இன்னும் இல்லீங்க. அதனாலதான் உக்காந்திருக்கேன்."